எனக்குப் பின்னால் நின்றவர்

1988 டிசம்பர் 14ஆம் தேதி, நகரக் காவல் நிலையத்தில், விசாரணை அதிகாரி கேட்கச் சாட்சி சொல்லியது:

என் பெயர் தைசியா எகோரொவ்னா லாப்தெவா. வயது 46. ஆற்றோரத் தெருவில் ஒன்பதாம் எண் கட்டடத்தில் மகளுடன் குடியிருந்து வருகிறேன். டிராலிபஸ் ஓட்டுகிறேன். வழக்கில் சம்பந்தப்பட்ட மக்கார் ஷுபின் என்பவரை நேற்றுக்கு முன் எனக்குத் தெரியாது.

நேற்று ருமேனியாவிலிருந்து பெண்களுக்கான குளிர்காலப் பூட்ஸ் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, விடியும் முன்பே செருப்புக் கடை வாசலில் வரிசையில் நின்றேன். அதன் பிறகு ஷுபின் வந்து, கடைசி ஆள் யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அப்படிச் சொல்லிவிட்டால் பின்னால் நிற்பவருக்கு முன்னால் நிற்பவர் பொறுப்பு. அது எங்கள் ஊர் வரிசையின் வழக்கம்.

அவர் தாயாருக்குப் பூட்ஸ் வாங்க வந்திருந்தார். அளவு தெரியாமல், தாயாரின் பாதத்தை அளந்த நூல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். நான் கேலி செய்தேன். அவரும் சிரித்தார். பேச்சுவாக்கில் ஆப்கானிஸ்தான் போருக்குப் போய்வந்தவர் என்று தெரிந்தது. போருக்குப் போனவர்களுக்குத் தரும் சலுகை அட்டையைக் காட்டினால் வரிசை இல்லாமலே வாங்கலாமே என்று கேட்டேன்.

"போன தடவ காட்டுனேன்க்கா. 'நாங்களா உன்ன அங்க போகச் சொன்னோம்'னு கேட்டாங்க. அதுக்கு நின்னே வாங்கிடலாம்."

எங்களோடு நின்று வரிசையைக் கவனித்துக்கொண்ட கிளாவ்தியா பான்கினா ஒவ்வொருவர் வலது உள்ளங்கையிலும் மைப்பென்சிலால் எண் எழுதிவந்தார். பாதியில் குளிர் தாங்காமல், அவரவர் பின்னால் நிற்பவருக்கு எழுதிவிடச் சொல்லி, பென்சிலைக் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கட்டடத்துக்குள் போய்விட்டார். ஷுபின் இடது கையை நீட்டினார். நான் அதில் 58 என்று எழுதினேன். வலது கை ஏன் பையிலேயே இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

கடை திறந்த பிறகு, சரக்கு குறைவு என்று பேச்சு எழுந்து தள்ளுமுள்ளு ஆனது. எங்களைக் கெட்டவர்கள் என்று எழுதிவிடாதீர்கள் ஐயா. கால் விறைத்துப் போய் நின்றவர்கள். கதவுக்கு அருகில் கிளாவ்தியா கைகளைச் சோதித்தார். ஷுபினின் இடது கையைப் பார்த்ததும், "நான் எல்லாருக்கும் வலது கையிலதான் எழுதச் சொன்னேன். இது நீயே கிறுக்கினது" என்றார். நான்தான் எழுதினேன் என்றேன். என் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை. எங்கள் பேச்சைக் கேட்டிருந்த ஒருவர் பின்னாலிருந்து, இவன் ஆப்கான்காரன், எல்லாவற்றிலும் சலுகை கேட்பான் என்று கத்தினார்.

அதன் பிறகு கிளாவ்தியா அவர் இடது மணிக்கட்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, மறு கையால் அவர் வலது கையைப் பையிலிருந்து வெடுக்கென்று இழுத்தார். கையுறையோடு கை கழன்று அவர் பிடியில் வந்துவிட்டது. ரப்பர் கை. கிளாவ்தியா அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார்; சாய்ந்த பிறகுதான் இரண்டையும் விட்டார். கடைக் கண்ணாடி உடைந்து அவர் முழங்கையைக் கிழித்தது.

ஷுபின் அவரைத் தள்ளினார் என்று பலரும் சொல்லியிருப்பதாக அறிகிறேன். எந்தக் கையால் தள்ளினார் என்று அவர்களிடம் கேளுங்கள். இருந்த ஒரு கை கிளாவ்தியாவின் பிடியில் இருந்தது. நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அவர் செய்ததெல்லாம், குனிந்து தன் கழுத்துத்துண்டை அந்த அம்மாளின் காயத்தில் அழுத்தியதுதான். ஒற்றைக் கையால் முடிச்சுப் போட வராமல் என்னைக் கூப்பிட்டார். நான் கட்டினேன். அந்தத் துண்டு அவரைக் கொண்டுபோன மருத்துவமனையில் இன்னும் கிடக்கும், எடுத்துப் பாருங்கள்.

அதற்குள் காவலர்கள் வந்து அவரைக் கூட்டிப்போனார்கள். ரப்பர் கை வாசற்படியில் கிடந்தது. ஜனங்கள் அதைத் தாண்டி உள்ளே போனார்கள். அவர் நின்ற இடம் அடைபட்டுவிட்டது. வண்டியில் ஏறும்போது அவர் திரும்பி என்னிடம் சொன்னது இது:

"அக்கா, நான் உங்க பின்னாடிதான் நின்னேன். சொல்லிடுங்க."

அந்தக் கையை நான் எடுத்து வந்து இந்த மேசைமேல் வைத்திருக்கிறேன். பூட்ஸ் வாங்கவில்லை.

படித்துக் காட்டக் கேட்டேன். சொன்னபடியே எழுதியிருக்கிறது, எல்லாம் உண்மை. அவர் எனக்குப் பின்னால்தான் நின்றார்.

(ஒப்பம்) தை. எ. லாப்தெவா