மஞ்சள் பஞ்சு

அந்தக் கடைவாய்ப் பல்லைச் சீக்கிரம் யாரிடமாவது காட்டிவிடுங்கள், மிஸ்டர் ஓக்ஸ். காபியை இடது பக்கமாகவே ஒதுக்கிக் குடிக்கிறீர்கள். வலது பக்கம் கூசுகிறது என்று அர்த்தம். நான் பல் மருத்துவராக இருந்தவன், பார்த்ததும் கண்ணில் பட்டுவிடும். போலீஸ்காரர் பல்லும் பல்தான்.

என் தொழிலில் நான் கற்றது ஒன்றே ஒன்று. சுத்தம் என்று வந்துவிட்டால் மனிதர்கள் கூசாமல் பொய் சொல்வார்கள். ஈறில் ரத்தம் கசியக் கசிய, "தினமும் பல்லிடுக்குல நூல் விட்டு எடுக்கிறேன் டாக்டர்" என்பார்கள். ஓய்வு பெற்று ஒஹாயோவில் இந்தக் குடியிருப்புக்கு வந்த பிறகு, துணி உலர்த்தும் டிரையர் விஷயத்திலும் அதே பொய்யைக் கேட்டேன். "பஞ்சு பிடிக்கிற சல்லடையை ஒவ்வொரு தடவையும் துடைக்கிறேனே." சல்லடையைத் துடைத்தால் ஆயிற்றா? துணியிலிருந்து உதிர்ந்து அதைத் தாண்டிப் போகிற பஞ்சு, சுவருக்குள் ஓடும் குழாயில் படிந்துகொண்டே இருக்கும். சூடு வெளியேற வழியில்லாமல் ஒருநாள் பற்றிக்கொள்ளும். இயந்திரத்தோடு வருகிற புத்தகத்திலேயே அதைப் போட்டிருக்கிறான். எல்லாரும் படித்தவர்கள்தான், அதை மட்டும் படிக்க மாட்டார்கள்.

அதனால் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் நானே நீளப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன். பதிலுக்கு ஆப்பிள் கேக் கொடுப்பார்கள். வாயில் வைக்க விளங்காது. தெரு திரும்பியதும் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவேன்.

பஞ்சைப் பார்த்தே வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுவேன். நாயே இல்லை என்று சாதித்த பக்கத்து வீட்டு வெண்டலின் குழாயில் கைநிறையப் பழுப்பு முடி வந்தது. யாரிடமும் நான் மூச்சு விடவில்லை.

குடியிருப்புச் சங்கத் தலைவி கிளெண்டா ஸ்ட்ரவுட் எனக்கு எதிர்வீடு. இங்கே ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் குடியிருக்கலாம். குழந்தைகளைத் தங்க வைக்கக் கூடாது. வேலிக்கு வெள்ளை அடிக்க வேண்டும். வெளியில் கொடி கட்டித் துணி காயப்போடக் கூடாது. இந்த விதிகளையெல்லாம் காப்பாற்றத்தான் கடவுள் தன்னைப் படைத்திருக்கிறார் என்பது அந்த அம்மாளின் நினைப்பு.

என் மனைவி லோர்னாவுக்கு நுரையீரலில் புற்று. பண்ணையில் வளர்ந்தவள். கடைசிக் கோடையில் அவள் என்னிடம் கேட்டது வெயிலில் காய்ந்த படுக்கை விரிப்பு, அவ்வளவுதான். கொல்லையில் இரண்டு கம்பம் நட்டுக் கொடி கட்டினேன். அன்று மாலையே கிளெண்டா வந்து நின்றாள், கையில் எலுமிச்சை கேக்கோடு.

"உங்க மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்கே தெரியும் டாக்டர். ஆனா அந்தக் கொடி இருக்கு பாருங்க..."

"லோர்னா ரொம்ப நாள் இருக்க மாட்டா கிளெண்டா. அதுவரைக்கும்தான்."

"ஐயோ, தெரியாதா எனக்கு? ஆனா உங்களுக்கு விட்டா, நாளைக்கு ஆளாளுக்கு உள்பாவாடையத் தொங்கவிட்டுட்டு நிப்பாங்க. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே."

மறுநாள் சங்கத்து ஆட்கள் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். லோர்னா டிரையரில் காய்ந்த விரிப்பில் படுத்துத்தான் செத்தாள். "இதுல வெயில் வாசனையே இல்ல ஆல்டன்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குக் கோபம் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இலையுதிர் காலம் வந்தது. கிளெண்டாவும் வந்தாள். "நம்ம டிரையர் ரெண்டு தடவை ஓடினாத்தான் துணி காயுது டாக்டர். வழக்கம்போல வந்து ஒரு பார்வை பாத்துடுங்களேன்." லோர்னாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாளோ.

போனேன். பின்னறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, "அங்க மட்டும் போயிடாதீங்க, ஒரே குப்பையா கிடக்கு" என்றாள். குழாயைக் கழற்றிப் பஞ்சை எல்லாம் வெளியே எடுத்தேன். அவள் வீட்டுப் பஞ்சு எப்போதும் சாம்பல் நிறம். இந்த முறை நடுநடுவே மஞ்சள், கோழிக்குஞ்சின் ரோமம் மாதிரி. புதுத் துவாலை வாங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் காபி போடச் சமையலறைக்குப் போனாள். எடுத்த பஞ்சை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். கொஞ்சம் இறுக்கமாக. வெளியிலிருந்து ஒரு பிசிறுகூட நான் சேர்க்கவில்லை. அவளுடையதை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன். இதில் என் குற்றம் என்ன என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"நீங்க இல்லன்னா நாங்கல்லாம் என்ன பண்ணுவோமோ டாக்டர்" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

புதன்கிழமைதோறும் டிரையரை ஓடவிட்டுவிட்டுச் சங்கக் கூட்டத்துக்குப் போவது அவள் வழக்கம். வீட்டில் ஆள் இல்லாமல் அதை ஓட்டக் கூடாது என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். என் பேச்சை யார் மதித்தார்கள்? அந்தப் புதன்கிழமையும் அப்படியே போனாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். காலி வீடு. எரிந்தால் காப்பீட்டுக்காரன் கட்டிக் கொடுப்பான். அதுவரை யார் வீட்டு விரிப்பிலாவது அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுக்கட்டும். நான் நினைத்தது அவ்வளவுதான்.

புகை வந்ததும் தீயணைப்பு நிலையத்தை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டீர்கள். வெண்டல் கூப்பிட்டுவிட்டானே. பின்னறையிலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். கிளெண்டாவின் மகள் டெஸ்ஸா. புருஷனோடு ஒத்துவராமல் கைக்குழந்தையோடு வந்து, கோடை முடிந்ததிலிருந்து அங்கேதான் ஒளிந்திருந்தாளாம். தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். குழந்தையைப் பிறகுதான் கொண்டுவந்தார்கள். அவசரமில்லாமல்.

கிளெண்டா ஓடிவந்து, தெருவில் இறங்கி நின்ற என் சட்டையைப் பிடித்தாள். "நீங்க சுத்தம் பண்ணிட்டீங்கல்ல டாக்டர்? நல்லா பண்ணிட்டீங்கல்ல?"

"பண்ணினேன் கிளெண்டா" என்றேன்.

அந்த வீட்டில் குழந்தை இருந்தது தெரியுமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். விதிப்படி அங்கே குழந்தை இருக்கவே கூடாது. ஊருக்கெல்லாம் விதி பேசியவள் அதைத் தன் வீட்டுக்குள்ளேயே மீறியிருக்கிறாள். அவளைக் கேட்க வேண்டியதை என்னைக் கேட்கிறீர்கள்.

சரி. அந்த மஞ்சள், துவாலையில் வந்ததில்லை. பஞ்சைப் பார்த்து வீட்டைச் சொல்கிறவனுக்கு அதுகூடவா தெரியாது? குழந்தைப் போர்வையில் வந்தது. தெரியாமல் இருக்கவும் வழியில்லை. பஞ்சோடு ஒரு காலுறையும் சிக்கி வந்திருந்தது. என் கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் காபி ஆற்றுகிற சத்தம் கேட்கிறவரை கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அதையும் உள்ளே வைத்துத் தள்ளிவிட்டுக் குழாயை மாட்டினேன். விதியென்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே.