நடுத்தட்டில் ஓர் இடைவெளி

புத்தகங்கள் ஏன் சாய்கின்றன என்பது பலருக்கும் தெரியாது, ஷெரிஃப். அவற்றைத் தட்டு மட்டும் தாங்குவதில்லை. ஒன்றையொன்று தாங்கிக்கொண்டுதான் நிற்கின்றன. நடுவில் ஒன்றை உருவினால் பக்கத்திலிருப்பது சாயும், அதன்மேல் அடுத்தது சாயும். நாளடைவில் முதுகு முறுக்கிக்கொள்ளும், பசை விடும், தாள்கள் உதிரும். நான் இடைவெளியில் மரக்கட்டை வைத்துப் பார்த்தேன். மழைக்காலத்தில் கட்டை ஊதி இருபக்க அட்டைகளையும் நசுக்கிவிட்டது. என்ன செய்வதென்று எனக்குப் பிடிபடவே இல்லை.

பேராசிரியர் கோம்ஸ் இறந்ததைப் பற்றித்தானே கேட்டீர்கள்? அங்கேதான் வருகிறேன்.

அவர் தன் வாழ்நாள் சேகரிப்பு முழுவதையும் எங்கள் கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்தார். கென்டக்கி மலைக்காரர்கள் எழுதிய கவிதை, கதை, சுரங்கப் பாட்டு. பாதிக்கு வேறு பிரதியே கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை: அவர் உயிரோடிருக்கும்வரை எதை வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எண்பது தாண்டியவர் எதை எடுக்கப்போகிறார் என்று சம்மதித்தோம்.

எடுத்தார். பழைய டிரக்கில் வருவார், ஒன்றை உருவுவார், எழுதியவரின் மகனுக்கோ பேத்திக்கோ கொடுத்துவிடுவார். நான் அவருடைய பழைய மாணவன், உரிமையோடு கேட்பேன்.

"கார்லிஸ், அது அவங்க வீட்டுப் பொருள்டா. நான் பத்திரமா வச்சிருந்தேன், அவ்ளோதான்."

"அந்த வீட்டுக் கூரை ஒழுகுது சார்."

"உன் நூலகம் மட்டும் ஒழுகலையாக்கும். போன மாசம் வாளி வச்சிருந்தது யாரு?"

இந்த மே மாதம் ஒரு கவிதைப் புத்தகத்தை எடுத்துப்போனார். எழுதியவர் பேராசிரியரின் பக்கத்து வீட்டு ஓரெட்டாவின் அப்பா. சுரங்க முகாமில் அச்சடித்தது, ஒரே பிரதி. அந்த ஞாயிறு, வருடத்துக்கொருமுறை ஊரே கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைக்கும் நாள். அப்போது அவள் அப்பாவின் தலைமாட்டில் நின்று அதை வாசிக்கப் போகிறாள் என்றார். பிறகு அவளே வைத்துக்கொள்வாளாம்.

சனிக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போனேன். காட்டு முட்பழச் செடிகள் பூக்கும்போது எங்கள் மலையில் குளிர் ஒருமுறை திரும்பி வரும். அதனால் நிலக்கரி அடுப்பு பலமாக எரிந்துகொண்டிருந்தது. பீன்ஸும் சோளரொட்டியும் போட்டார். புத்தகம் மேசைமேல் இருந்தது. திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன். பொறுமையாகத்தான் கேட்டேன்.

"நான் செத்தப்புறம் பூட்டி வச்சுக்கடா," என்று சிரித்தார். "அதுவரைக்கும் ஜனங்க படிக்கட்டும்."

அவர் தட்டுகளைக் கழுவத் திரும்பியபோது புத்தகத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அதே அளவில் ஒரு ஜெபப்பாட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்தேன். அவருக்குக் கண் மங்கல்.

அந்த வீட்டில் அடுப்பை அணைப்பதே இல்லை. தாத்தா மூட்டிய நெருப்பு என்று பெருமை. படுக்குமுன் தணலைச் சாம்பலால் மூடிவிட்டால் காலைவரை உள்ளே கனன்றுகொண்டிருக்கும். மேலே புகைக்குழாயில் ஒரு தகடு உண்டு. அது திறந்திருந்தால் கெட்ட காற்று வெளியே போகும். மூடியிருந்தால் அறையிலேயே தங்கிவிடும். எளிமையான, அழகான ஏற்பாடு. அந்தக் காற்றுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தூங்குகிறவர் இருமக்கூட மாட்டார்.

அவருக்கு முதுகுவலி. "இன்னைக்கு நான் மூடுறேன் சார்," என்றேன். தணலைச் சாம்பலால் மூடினேன். தகட்டையும் மூடினேன். அவர் நன்றி சொன்னார்.

கிளம்பும்போது, "ராத்திரி தங்கிட்டுப் போயேண்டா," என்றார். எங்கள் பக்கம் விடைகொடுக்கும்போது எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், யாரும் தங்குவதில்லை. "நீங்க எங்க வீட்டுக்கு வாங்க சார்," என்று நானும் முறைப்படி சொல்லிவிட்டு வந்தேன்.

காலையில் புத்தகம் வாங்க வந்த ஓரெட்டாதான் அவரைப் பார்த்தாள். மேசைமேல் இருந்தது தன் அப்பாவுடையதல்ல என்று கண்டுபிடித்தவளும் அவளே. நீங்கள் நேரே என் நடுத்தட்டுக்கு வந்து, நான் திரும்ப வைத்திருந்த அதை எடுத்துவிட்டீர்கள்.

"அந்தப் புத்தகத்த மட்டும் தொடாம வந்திருந்தா, கிழவர் தகட்டத் திறக்க மறந்துட்டாருன்னு நாங்களே முடிச்சிருப்போம். ஏன்யா எடுத்த?" என்கிறீர்கள்.

விட்டுவிட்டு வந்திருந்தால் இடைவெளி அப்படியே இருந்திருக்குமே, ஷெரிஃப். உங்கள் வேலை முடிந்ததும் அதை அதன் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். மரக்கட்டை தேவையில்லை. கொடுத்தவர் இறந்துவிட்டார், இனி யாரும் எதையும் எடுக்க முடியாது. வரிசை சாயாது.