மீனம்பாக்கம் மாடியில ஒரு கூரைப்புடவை

மாப்பிள்ளை இன்னும் பன்னெண்டு நாள்ல தோஹா கிளம்பறாராம். பொண்ணுக்கு விசா வர ஆறு மாசம் ஆகுமாம். இப்பதான் கீழே சொன்னாங்க. அதனால நான் எழுதிக்கிட்டு வந்த வாழ்த்துரையை மடிச்சுப் பையில வெச்சுட்டேன். அதுக்குப் பதிலா ஒரு குட்டிக் கதை சொல்றேன்... பயப்படாதீங்க, ரசம் ஆறதுக்குள்ள முடிச்சுடுவேன்.

எழுபத்தெட்டாம் வருஷம். எங்கூட பண்ருட்டியில ஒரே பட்டறையில வெல்டிங் வேலை பார்த்தவன் தட்சிணாமூர்த்தி. அவனுக்குக் குவைத்துல வேலை கிடைச்சுது. சென்னையிலேர்ந்து பம்பாய், பம்பாயிலேர்ந்து குவைத்து. எங்க தெருவுலயே முதல் விமானப் பயணம்! கல்யாணமாகி எட்டு மாசம். பொண்டாட்டி பேரு அம்சவல்லி. அந்த எட்டு மாசத்துல மாமனார் முன்னாடி அது வாய் திறந்து நாங்க யாரும் பார்த்ததில்ல.

இன்னைக்கு ஏர்போர்ட் வாசல்லயே கார்ல இறக்கி விட்டுட்டு வந்துடறோம். அன்னைக்கு? வேன் பிடிச்சோம் சார்! பதினாலு பேர், ஒரு தூக்கு எலுமிச்சம்பழ சாதம். நானும் போனேன். நண்பன் மேல பாசம் கொஞ்சம்... விமானத்தைப் பக்கத்துல பார்க்கிற ஆசை மிச்சம்.

அப்பல்லாம் மீனம்பாக்கத்துல மொட்டைமாடி மேல நின்னு கையாட்டலாம். உள்ள போறதுக்கு முன்னாடி அம்சவல்லி புருஷன்கிட்ட சொல்லிச்சு. "அவ்வளவு தூரத்துலேர்ந்து என் மூஞ்சி தெரியாதுங்க. நான் நம்ம கூரைப்புடவையை விரிச்சுப் பிடிக்கிறேன். அந்த அரக்குக் கலர் தெரிஞ்சா நான் நிக்கிறேன்னு அர்த்தம். பாப்பீங்கல்ல?"

"பாக்காம? ஜன்னல்லயே கண்ணை வெச்சிருப்பேன் அம்சா."

மாடிக்கு வந்தோம். கீழே ஒரு விமானம். வரிசையா ஆளுங்க நடந்து போறாங்க. எல்லாரும் வெள்ளைச் சட்டை! அவன் தங்கச்சி கத்துது, "அதோ அண்ணன்!" அவ்வளவுதான்... பதினாலு பேரும் கையாட்டறோம். புடவைக்கு அந்த முனையில நாலு பேர், இந்த முனையில நாலு பேர். அந்த வெள்ளைச் சட்டையும் திரும்பி நின்னு கையாட்டிச்சுங்க! விமானம் எழும்புது. மாமனார் துண்டால வாயைப் பொத்திக்கிட்டு அழறாரு. நானும் அழுதேன்.

அழுது முடிச்சதும், டீ விக்கிறவர் வந்தாரு. "யாரை அனுப்ப வந்தீங்க?"

"என் பையன். பம்பாய்க்கு."

"ஐயா... இப்ப போனது ஐதராபாத்து விமானம். பம்பாய் விமானம் கிளம்ப இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கே!"

அப்ப நம்மளுக்குக் கையாட்டினது யாரு? யாருக்குத் தெரியும்! வழியனுப்ப ஆள் இல்லாத மனுஷனோ என்னமோ... கிடைச்சதை வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு.

வேன் டிரைவர் கீழேர்ந்து ஆரன் அடிக்கிறான். அவனுக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு சவாரி. மாமனார் சொன்னாரு, "அழுதாச்சு, கையாட்டியாச்சு. அவனுக்கா தெரியப் போகுது? கிளம்புங்க."

எல்லாரும் கிளம்பிட்டோம். அம்சவல்லி நகரல. எட்டு மாசத்துல முதல் தடவையா மாமனார் முன்னாடி வாய் திறந்துச்சு. "மாமா... நான் யாருக்கோதான் கையாட்டினேன். அவருக்கு இன்னும் ஆட்டல."

மாமனார் அப்படியே உக்காந்துட்டாரு. நாங்களும் கைப்பிடிச் சுவர் மறைவுல உக்காந்தோம். உக்காந்து என்ன பண்ணினோம்? தூக்கைத் திறந்தோம்! பம்பாய் விமானம் நகர்ந்தப்போ அந்தப் பொண்ணு ஒத்தையா எழுந்து, ரெண்டு கையையும் தூக்கி, அந்தக் கனமான பட்டுப்புடவையை விரிச்சுப் பிடிச்சுது. எங்க பதிமூணு பேர் கையிலயும் எலுமிச்சம்பழ சாதம்.

அங்க விமானத்துக்குள்ள என்ன நடந்தது? பஸ்ஸுல கொண்டு போய் விமானத்துக்கு அந்தப் பக்கம் இறக்கி விட்டிருக்காங்க. மாடியே கண்ணுல படல. உள்ள போனா ஜன்னல் சீட்டும் இல்ல! ஜன்னல் ஓரமா ஒரு பெரியவர். தட்சிணாமூர்த்தி கெஞ்சறான், "ஐயா, மாடியில அரக்குக் கலர்ல ஒரு புடவை தெரியுதா பாருங்க..."

பெரியவர் எட்டிப் பார்த்தாரு. "தெரியுதுப்பா. ஒரே ஒரு பொண்ணு விரிச்சுப் பிடிச்சிருக்கு. கூட யாரும் இல்ல."

இவன் மனசுல கணக்குப் போட்டான். பதினாலு பேர் வந்தாங்களே, எப்படி ஒத்தையா நிப்பா? எல்லாரும் போயிட்டாங்க... மனுஷன் நம்மளைத் தேத்தறதுக்குப் பொய் சொல்றாரு! அப்படியே முடிவு பண்ணிட்டான். ரெண்டு வருஷம் குவைத்துல இருந்தான். வாரத்துக்கு ஒரு கடுதாசி போட்டான். ஒண்ணுலயாவது "நீ நின்னியா?"ன்னு கேட்டானா? கேக்கல. ஏன்? கேட்டு... "இல்லை"ன்னு பதில் வந்துட்டா?

திரும்பி வந்த அன்னைக்குத்தான் கேட்டான். அம்சவல்லி ஐதராபாத்து விமானத்துலேர்ந்து ஆரம்பிச்சு ஒண்ணு விடாம சொல்லிச்சு. இவன் குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதான். பக்கத்துலதான் இருந்தேன். "அந்தப் பெரியவர் பேரைக்கூடக் கேக்கலயேடா"ன்னு அழுதான்.

மாப்பிள்ளை... இப்ப போன்லயே முகம் பார்க்கலாம். ஆனா முகத்தைப் பார்த்துக்கிட்டே கேக்காம விடற கேள்வி இன்னைக்கும் இருக்கு. மனசுல ஒண்ணு உறுத்தினா அன்னைக்கே கேட்டுடுங்க. ரெண்டு வருஷம் ஒரு நல்ல மனுஷனைப் பொய்யன்னு நினைச்சுக்கிட்டு, தனக்காக நின்ன பொண்டாட்டியை நிக்கலைன்னு நினைச்சுக்கிட்டு, அவன் அங்க சோறு தின்னான். அந்தத் தண்டனை உங்களுக்கு வேண்டாம்.

ஆனா இந்தக் கதை உங்களுக்கு மட்டும் இல்ல. சம்பந்திங்களே, முன் வரிசையில உக்காந்திருக்கிற சொந்தக்காரங்களே... உங்களுக்கும்தான். இந்தப் பொண்ணு ஆறு மாசம் உங்க வீட்டுல இருக்கப் போகுது. அவர் நினைப்புல ஒரு நாள் ஜன்னலோரமா நிக்கும். அன்னைக்கு, "அதான் போயிட்டானே, சாப்பிட வா"ன்னு கூப்பிடாதீங்க. கையைக் கழுவிட்டு எழுந்து போய்ப் பக்கத்துல நில்லுங்க.

எனக்கு அன்னைக்கு அது தோணல. எழுபது வயசு தாண்டிடுச்சு... இன்னும் வெட்கமா இருக்கு.