கல்பு என்ற சொல்

பேச்சைப் பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். மரக்காணத்து வெயிலில் அது லேசான காரியமில்லை, சார். ஆனாலும் ஷாகுல் ஹமீது வீட்டில் ஒருநாளும் யாரும் முகம் சுளித்ததில்லை.

நான் பன்மொழிப் பேச்சு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இது ஐந்தாவது வருடம். என் நெறியாளர் மூன்று முறை அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். "தரவு பத்தாதுப்பா" என்பார், தலையை நிமிர்த்தாமலே. அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்துப்போயிருந்தது.

அப்போதுதான் ஷாகுல் ஹமீது கிடைத்தார். இருபத்திரண்டு வருடம் குவைத்தில் வண்டி ஓட்டியவர். ஊர் திரும்பி உப்பளத்தில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கியது. கண் விழித்தபோது தமிழ் போய்விட்டிருந்தது. குவைத் அரபி மட்டும் மிச்சம். தாய்மொழி போய், பிழைக்கப் போன இடத்து மொழி தங்குவது அபூர்வம். பன்னிரண்டு வாரப் பதிவு இருந்தால் போதும் என்று நெறியாளரே இறங்கி வந்தார்.

நான் அரபியில் டிப்ளமோ முடித்தவன். அதனால் அவருக்கும் அவர் மனைவி ஆரிஃபாவுக்கும் நடுவில் நானே மொழிபெயர்ப்பாளன். ஆரிஃபாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், அர்த்தம் தெரியாது. தமிழ்ப் பேச்சுப் பயிற்சிக்குப் புதுச்சேரி வரச்சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது வேண்டாம், குழம்பிவிடுவார் என்று நான்தான் தடுத்தேன். படித்த பிள்ளை சொல்கிறதே என்று ஆரிஃபாவும் கேட்டுக்கொண்டார்.

ஒன்பதாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஷாகுல் ஹமீது கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, "கல்பி யவ்விர்னி" என்றார்.

முதல் சொல் ஆரிஃபாவுக்குப் புரிந்துவிட்டது. மார்க்கப் பேச்சில் கல்பு என்றால் உள்ளம்.

"கல்புங்கறாரே தம்பி, மனசுல என்னாவாம்?"

"மனசு நெறைஞ்சிருக்குன்னு சொல்றாருங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கண் கலங்கிவிட்டது. அவருக்குப் பிடித்த சேமியா பாயசம் வைக்க அடுப்படிக்குப் போனார்.

குவைத்தில் ஒரு டிரைவர் அப்படிச் சொன்னால் நெஞ்சு வலிக்கிறது என்று பொருள். எனக்குத் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் சுற்றிலும் தமிழ், அவருக்கும் அது திரும்பிவிடலாம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடும். மிச்சமிருந்தது மூன்றே வாரம். அவர் பொறுத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

இருபது நிமிடம் பொறுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நெஞ்சு வலிக்குதுப்பா, ஆரிஃபாவக் கூப்புடு" என்றார். தெளிவான தமிழ். அடுப்படிவரை கேட்கவில்லை. நான் கூப்பிடவில்லை. பாயசக் கிண்ணத்தோடு ஆரிஃபா வந்தபோது அவர் இறந்திருந்தார்.

அந்தப் பதிவை அழித்தது நான்தான். ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒருவருக்குத் தமிழ் திரும்பிவிட்டது என்று முறையாகப் படித்த எந்த ஆய்வாளரும் முடிவுகட்ட மாட்டார், சார்.