இருநூற்றுப் பன்னிரண்டு நன்றிக் கடிதங்கள்

என் அக்காவின் நேர்மைக்கு விலை ஒரு லட்சத்து ஆறாயிரம். நான் மூன்று லட்சம் வரை போகத் தயாராக இருந்தேன், மலிவாகவே முடிந்தது.

பாட்டில் கழுவும் பெண்கள் ஒரு வேட்பாளருக்கு ஆளுக்கு ஐந்நூறு எப்படி நன்கொடை கொடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள், விசாரணை அதிகாரி ஐயா. நியாயமான கேள்வி. அவர்கள் கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன்.

மதுபான ஆலைகளின் சங்கத்துக்கு நான் செயலாளர். தேர்தல் வந்தால் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டுக்கும் ஒரே நாளில், ஒரே கனத்தில் உறை போகும். பதிலுக்கு எதுவும் கேட்கமாட்டோம். சட்டம் எழுதும்போது எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்போம், அவ்வளவுதான். கேட்பார்கள். பிறகு அந்த வார்த்தையைத்தான் எழுதுவார்கள்.

அக்கா மட்டும் உறையைத் தொடமாட்டாள். அவள் புருஷன், எங்கள் மாமா, குடித்தே போனவர். மதுக்கடைகளைப் பத்து மணிக்குப் பதில் எட்டு மணிக்கே மூடவைப்பேன் என்று சுயேச்சையாக நின்றாள். கையில் காசில்லை. கூடப்பிறந்தவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க முடியுமா? சங்கத்துப் பணத்தை இருநூற்றுப் பன்னிரண்டாகப் பிரித்தேன். எங்கள் ஆலைகளில் பாட்டில் கழுவுகிறவர்களிடம் சம்பள நாளில் நன்கொடைத் தாளில் கையெழுத்து வாங்கினேன். போனஸ் தாள் என்று நினைத்துச் சந்தோஷமாகப் போட்டார்கள்.

அக்கா ஜெயித்தாள். ஒவ்வொருத்திக்கும் தன் கையாலேயே நன்றிக் கடிதம் எழுதி, "கொண்டுபோய்க் குடுத்துடுடா" என்று என்னிடமே தந்தாள். என் மேசை இழுப்பறை நிறைந்தது.

பிறகு அவளுடைய எட்டு மணி மசோதா வந்தது. எங்கள் உறை வாங்கியவர்களிலேயே பாதிப் பேர், பெண்டாட்டிக்குப் பயந்து அவள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். வாக்கெடுப்பு அன்று காலை நன்கொடைப் பட்டியலோடு அவள் வீட்டுக்குப் போனேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இவங்கல்லாம் எங்க வேலை பாக்குறாங்கன்னு ஒருநாளாவது கேட்டியாக்கா?"

ஈரக் கையோடு வாங்கிப் படித்தாள்.

"சாராயக் காசுலயாடா என்னை நிக்க வெச்ச?"

"மசோதாவத் திரும்ப வாங்கிக்கோ. இல்லன்னா பட்டியல் வெளிய வரும், உன் பதவி போயிடும்."

"போகட்டும்."

"கையெழுத்துப் போட்டவங்க வேலையும் போகும். பொய்யா நன்கொடை காட்டினாங்கன்னு கேஸும் வரும்."

குழாயை மூடினாள். "உன் மாமா எப்படிச் செத்தார்னு மறந்துட்டியாடா?"

மறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான்தான். சங்கத்துத் தள்ளுபடியில் மாதம் ஒரு பெட்டி அவருக்கு வாங்கித் தந்தவனும் நான்தான். மச்சான் என்று உரிமையோடு கேட்கிறவரிடம் முகத்தை முறித்துக்கொள்ள முடியுமா?

அந்தப் பெண்கள்மேல் வழக்கு நிற்காது என்று எங்கள் வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். அக்கா அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று மதியம் மசோதாவைத் திரும்பப் பெற்றாள். இரண்டு கட்சிக்காரர்களும் ஒற்றுமையாக மேசையைத் தட்டினார்கள்.

அதன்பின் அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் வாரம் தவறாமல் ஓர் உறை வருகிறது. உள்ளே ஐந்நூறு, பட்டியல் வரிசைப்படி ஒருத்தியின் பெயர். வேறொரு வார்த்தை கிடையாது. பணத்தைச் சங்கத்தின் இதர வரவில் எழுதிக்கொள்கிறேன். மனத்தில் கோபம் இருக்கிறவள் தம்பிக்கு வாராவாரம் கடிதம் போடுவாளா, நீங்களே சொல்லுங்கள்.

வந்தது பதினேழு. பாக்கி நூற்றுத் தொண்ணூற்றைந்து. அதுவரைக்கும் எங்கள் உறவுக்கு ஒரு குறைவும் இல்லை.