லாரியிலிருந்து விழுந்தவரும் வரப்பில் வழுக்கியவரும்

வலங்கைமானிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் காலில் கட்டோடு ஒரு பெண். வாக்கரை ஜன்னலோரம் சாய்த்துவிட்டு, பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த அம்மாளிடம் சொன்னார்:

"எங்க வீட்டுக்காரரு வைக்கோல் லாரி உச்சிலேர்ந்து விழுந்தாரு அக்கா. நான் மறுநாள் வரப்புல வழுக்குனேன். பிளேட்டு வச்சது எனக்குத்தான்."

"அவருக்கு ஒண்ணும் இல்லியா?"

"கணுக்கால்ல லேசா ஒரு கீறல், அவ்வளவுதான். எனக்குக் கால் சேத்துல மாட்டிக்கிட்டு, ஒடம்பு மட்டும் திரும்பிடுச்சு. கணுக்காலுக்கு ரெண்டு பக்கமும் எலும்பு ஒடஞ்சு போச்சு. விழுந்த உயரத்த மட்டும் பாத்தா பத்தாது, கால் எப்படி முறுக்கிச்சுன்னும் பாக்கணுமாம். டாக்டர் சொன்னாரு."

"ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"வரப்புல வழுக்குனதுக்கெல்லாமா ஆஸ்பத்திரின்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். அவரப் பாக்க ஊரே வந்துச்சு. செவுத்தப் புடிச்சிக்கிட்டு நின்னு எல்லாருக்கும் டீ போட்டேன். மறுநாள் கால் ஊனவே முடியல."

"இப்ப ஒங்களப் பாக்க வர்றாங்களா?"

"வராம என்ன? வந்து எம் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு, 'லாரிலேர்ந்து விழுந்தாரே, இப்ப எப்படி இருக்காரு'ன்னு கேக்குறாங்க."