வேலியில் ஓட்டை இல்லை

நான் கோபக்காரி இல்லை, சார். அருப்புக்கோட்டையில் எங்கள் ஆபீஸில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ஜெகதீஸ்வரி சத்தம் போட்டுப் பேசியதே இல்லை என்பார்கள்.

கிணற்று மோட்டாரைப் போனிலிருந்தே ஓட்ட வைப்பது எங்கள் தொழில். எப்போது ஓட வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் தாங்களே பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதி அனுப்பலாம். ஊர் பேர் தெரியாதவன் எழுதியதை நம்பி ஓட்ட முடியுமா? அதைச் சுற்றி நான் ஒரு வேலி போட்டிருக்கிறேன். நான் தடை செய்த கட்டளை வார்த்தை ஒன்று இருந்தாலும் நிரல் அங்கேயே நின்றுவிடும். மூன்று வருட உழைப்பு.

புதிதாக வந்த முத்துராமலிங்கம் முதலாளி முன்னால் எட்டே வரியில் அதைத் தாண்டிக் காட்டினான். "வார்த்தையைத் தடுத்தா மட்டும் பத்தாதுக்கா. பைத்தான்ல எதைத் தொட்டாலும் அதோட தாய் தகப்பனைப் புடிச்சு மேல ஏறிறலாம். அடுத்தவன் கோடிங்கைத் தனி மெஷின்லதான் ஓட்டணும்" என்றான். வேலியை எடுத்துவிட்டு அவன் சொன்னபடியே செய்யச் சொன்னார் முதலாளி. எனக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கே அவன் ஏறிய வழியை அடைத்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் காலை பாலவனத்தத்திலிருந்து எங்கள் வாடிக்கைக்காரி தங்கலட்சுமி போனில் பேசினாள். "அவுக கேபிள் ஒட்டக் கெணத்துக்குள்ள எறங்குறாக. பீஸைப் புடுங்கி மடியில வச்சுக்கிடவா, போன்ல பூட்டுனாப் போதுமா?" இந்தப் பக்கம் கிணற்றில் ஆள் இறங்கினால் பீஸ் கட்டை மேலே நிற்பவர் மடியில் இருக்கும். போனிலேயே மோட்டாரைப் பூட்டும் வசதியை நாங்கள் கொடுத்த பிறகு அந்தப் பழக்கத்தைக் குறைத்துக்கொண்டார்கள்; பூட்டிவிட்டால் எந்த நிரலும் மோட்டாரை ஓட்டாமல் என் வேலி பார்த்துக்கொள்ளும்.

"பூட்டினால் போதும்மா" என்றேன்.

பதினொன்று பத்துக்குப் பூட்டு திறந்து மோட்டாருக்குக் கரண்டு போனது. அவள் புருஷன் பால்ச்சாமி கையில் கேபிள் இருந்திருக்கிறது. கம்ப்யூட்டர் பதிவில் முத்துராமலிங்கத்தின் எட்டு வரி இருந்தது, அவனைப் பிடித்தீர்கள். அதுவரை சரி. ஆனால் அறிக்கையில் வேலி பலவீனம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்றைக்குப் பூட்டைத் திறக்க அவனுடைய எட்டு வரியை நான்தான் மூன்று முறை ஓட்டினேன், சார். மூன்று முறையும் என் வேலி நிறுத்தியது. நாலாவதாக என் பாஸ்வேர்டைப் போட்டு நானே பூட்டைத் திறந்தேன், பதிவில் அவன் பெயரைப் போட்டேன். உள்ளே ஆள் இருப்பது தெரியும்.

தண்டனையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வேலியை மட்டும் எடுக்க விடாதீர்கள். அது இருக்கிற வரைக்கும் அந்த ஜனங்கள் பயமில்லாமல் கிணற்றில் இறங்கலாம்.